போத்தலுக்கு அரைக் கரண்டி

என் கல்யாண விருந்தன்று, மண்டபத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கும் இடத்தில், நண்பர்களோடு நின்று ஒரு பியர் டின்னைத் திறந்தேன். ஒரு மடக்குக்கூட உள்ளே போகவில்லை, மாமனார் அந்தப் பக்கம் வந்துவிட்டார். டின்னைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய வலது கையும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

"சாப்டாச்சா மாப்பிள்ள?"

"ஆச்சி மாமா. நீங்க?"

"இனிமேதான்."

முகத்தைப் பார்த்தபடியே ஆளுக்கொரு திசையில் பின்னால் நடந்து விலகினோம். நண்பர்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருடங்களில் எங்களுக்குள் நடந்த பேச்சை எழுதினால் ஒரு பக்கம் தேறாது. சண்டை எதுவும் இல்லை. மாமனாரும் மருமகனும் ஒருவர் முன்னால் ஒருவர் குடிப்பதில்லை, கால்மேல் கால் போடுவதில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்பதில்லை. அது மரியாதை. அவர் குடிப்பது எனக்குத் தெரியும், நான் குடிப்பது அவருக்குத் தெரியும். தெரியும் என்பதை வெளியே காட்டாமல் இருப்பதற்குத்தான் நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம்.

நானும் மனைவியும் பாரிட் புந்தாரில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். பேராக் மாநிலத்தின் வடக்கு முனையிலிருந்து பீடோர் வரை எந்த அலுவலகத்தில் காகிதம் சிக்கினாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எப்போது வேண்டுமானாலும் இரத்தம் போகலாம், பாரம் தூக்கக்கூடாது, அதிகம் நடக்கக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்றார். அந்த வாரமே இரண்டு பெட்டிகளோடு ஈப்போவில் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

தமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்றின் வெள்ளை முகம் தெரியும். அத்தை காலையில் ஒரு பாலர் பள்ளிக்குச் சமைக்கப் போய் மதியம் இரண்டு மணிக்குத்தான் வருவார். மாமா பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர் பாலை அளந்து வாங்கும் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபோது ஈப்போவுக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் குழாய், விளக்கு, கதவு எல்லாம் சரிபார்க்கும் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மகளைப் பகலெல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். கஞ்சி வைத்துக் கொடுப்பார். அவள் குளியலறைக்குப் போகும்போது கதவுக்கு வெளியே நின்று கனைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குத்தான் அந்த வீட்டில் உட்கார இடமில்லாமல் இருந்தது. நாற்காலிகள் நிறைய இருந்தன. நான் கூடத்தில் உட்கார்ந்தால் மாமா மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, டிவி ரிமோட்டை என் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அவர் எழுந்துவிட்டாரே என்று நானும் எழுந்துவிடுவேன். யாருமில்லாத கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி இரண்டு மாதம் போனபோதுதான் பீடோரில் ஒரு கணக்காளர், அலுவலகத்தை மூடிவிட்டு மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர், நான் இயந்திரத்தைக் கழற்ற வந்த இடத்தில் ஒரு பெட்டியைக் காட்டி, "இதையும் எடுத்துட்டுப் போ லா, எனக்கு ஆகாது" என்றார். வீட்டில் பியர் செய்யும் சாமான்கள். ஒரு முறை கூடப் பயன்படுத்தவில்லையாம். பத்து லிட்டர் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தோங் என்கிற பீப்பாய், அதன் மூடியில் செருகும் ஒரு வளைந்த குழாய், ஒரு கண்ணாடி மிதவை, போத்தலில் மூடியை அழுத்தும் கருவி, கருப்புப் பாகு அடைத்த ஒரு டின், ஈஸ்ட் பொட்டலம், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். நான் அதுவரை பியரைக் கடையில் வாங்கியதோடு சரி. ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்ததும், எனக்கென்று ஒரு வேலை கிடைத்துவிட்டது போல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாமா மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார், அத்தை கோயிலில் இருந்தார். சமையலறையைப் பிடித்துக்கொண்டேன். தாளில் முதல் வரியே சுத்தம் பற்றித்தான். கை படும் ஒவ்வொன்றையும் கிருமி போகக் கழுவ வேண்டும். கழுவிவிட்டு, டின்னைச் சுடுநீரில் வைத்து இளக்கி, பாகைப் பெரிய சட்டியில் ஊற்றிக் கொதிநீரில் கரைத்தேன். வீடு முழுக்க ஒரு வாசனை எழும்பியது.

"என்னங்க, மால்ட் பாலா கலக்குறீங்க? எனக்கு ஒரு கோப்ப."

அறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். பல வாரங்களாக எந்தச் சாப்பாட்டு வாசனை வந்தாலும் குமட்டுகிறது என்று கதவைச் சாத்தச் சொன்னவள் அவள். கரண்டியின் நுனியில் கொஞ்சம் தொட்டுக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நக்கினாள். முதலில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முகம் கோணியது.

"ஐயோ, மொதல்ல இனிக்குது, அப்புறம் கசக்குது. என்னது இது?"

சொன்னேன். படுத்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாம பாத்துக்குவோம்."

கரைசலைத் தோங்கில் ஊற்றி, குளிர்ந்த நீரைச் சேர்த்து, ஈஸ்டைத் தூவி மூடினேன். சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில், பழைய மெத்தைக்கும் தையல் இயந்திரத்துக்கும் நடுவில் ஒளித்துவைத்தேன். ஈஸ்டுக்கு இருபது டிகிரி வேண்டும் என்றது தாள். ஈப்போவில் அந்த மாதம் விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர்ச்சி கிடையாது. இணையத்தில் தேடியபோது வழி கிடைத்தது. ஒரு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றித் தோங்கை அதில் நிறுத்தினேன். உறைந்த தண்ணீர்ப் போத்தல்களை அந்த நீரில் மிதக்கவிட்டு, என் பழைய கைலியை நனைத்துத் தோங்கின்மேல் சுற்றினேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு ஐஸ் போத்தல், சாயங்காலம் வந்ததும் ஒன்று.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. செத்த ஈஸ்டோ என்று நினைத்தேன். இரண்டாம் நாள் காலையில் வளைந்த குழாயிலிருந்து ஒரு குமிழி எழும்பி 'பிளப்' என்றது. பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு அங்கேயே குந்தி உட்கார்ந்து எண்ணினேன். அன்று வேலைக்குத் தாமதம்.

அன்று பகலில் நடந்ததை மனைவிதான் எனக்குச் சொன்னாள். அவள் கட்டிலிலிருந்து பார்த்தால் சமையலறை முழுக்கத் தெரியும். ஒழுகும் குழாயைப் பொறுக்க முடியாத ஆள் மாமா. இருபது வருடம் பள்ளிக்கூடத்துக் குழாய்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. 'பிளப்' சத்தம் கேட்டதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தொட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். குளியலறையில் பார்த்தார். மாடிக்குப் போகும் குழாயில் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் சாமான் அறைக்குள் போனார்.  பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, ஸ்பேனரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி நின்றாராம்.

"ஏதாச்சும் கேட்டாரா?"

"ஒன்னுமே கேக்கலங்க."

நானும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் குழம்பை என் பக்கம் நகர்த்தினார். "போட்டுக்கங்க மாப்பிள்ள." அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் வந்து கைலியை விலக்கிப் பார்த்தபோது, பேசினில் மிதந்த ஐஸ் போத்தல் பாதிக்குமேல் கெட்டியாக இருந்தது. காலையில் நான் போட்டது மத்தியானத்துக்குள் உருகிவிடும்.  நேரே அறைக்கு ஓடினேன்.

"நீ எழும்பி நடந்தியா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"நான் எங்க எழும்பினேன்? அப்பாதான். காலையில பத்து மணிக்கு ஒன்னு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்னு மாத்துறாரு."

"உன்கிட்ட சொன்னாரா?"

"எதுக்குச் சொல்லனும்? கண்ணுல படுதுல்ல. காய்ச்ச வந்த பிள்ளைக்கி நெத்தியில கை வச்சிப் பாக்குற மாதிரி, அந்தத் தோங்கு மேல கை வச்சிப் பாக்குறாரு. அப்புறம் போயி ஐஸ் எடுத்துட்டு வராரு."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே குழந்தை உதைத்தது.

அடுத்த நாளிலிருந்து ஐஸ் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டு கூடின. 

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடித்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தோங்கின் அடிக்குழாயைத் திறந்து உயரமான ஒரு கண்ணாடிக் குழலில் கொஞ்சம் பிடித்து, மிதவையை அதில் விட்டேன். அது ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"மெட்ரோலாக்கா?"

திரும்பினேன். மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாமா?"

"பால் ஸ்டோர்ல எங்ககிட்ட இருந்திச்சி. இதே மாதிரிதான், கொஞ்சம் குட்ட. பால்ல எவ்வளவு ரப்பர் இருக்குன்னு காட்டும். யாராச்சும் தண்ணி ஊத்தியிருந்தாலும் காட்டிக் குடுத்துடும்." ஒரு அடி உள்ளே வைத்தார். "இதுல என்ன பாக்கனும்? ஏறனுமா, எறங்கனுமா?"

"சக்கரை தீரத் தீர எண்ணு எறங்கும் மாமா. ரெண்டு நாள் ஒரே எண்ணுல நின்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்."

அவர் முட்டிக்காலில் கையூன்றிக் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். "ஆயிரத்துப் பன்னெண்டு." நிமிர்ந்தவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதுக்குக் கேஸ் கீஸ் வராதே? எஸ்டேட்ல எல்லாம் போலீஸ்காரன் தோங்கோட தூக்கிட்டுப் போவான்."

"சரியாத் தெரியல மாமா. விக்கவா போறோம்? கொஞ்சந்தானே."

"தாப்பா, தாப்பா" என்றார். பரவாயில்லை என்று எனக்கும் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார்.

குழலில் பிடித்ததைத் திரும்பத் தோங்கில் ஊற்றக்கூடாது. சுவைத்துப் பார்க்கலாம் என்கிறது தாள். நான் தாளைப் பார்த்தேன். அவர் குழலைப் பார்த்தார். "பூச்செடிக்குத் தண்ணி ஊத்தல" என்று சொல்லிவிட்டு மாமா வெளியே போய்விட்டார். நான் பாதியைக் குடித்தேன். குமிழி இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது, வாழைப்பழ வாசம் அடித்தது. மீதிப் பாதியை ஒரு கிளாஸில் ஊற்றித் தையல் இயந்திரத்தின்மேல் வைத்துவிட்டு, நானும் காரில் ஏதோ எடுப்பதுபோல் வெளியே போனேன். திரும்பி வந்தபோது கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை போத்தலில் அடைப்பதாக இருந்தேன். கோப்பிக்கடையிலிருந்து முப்பது சின்னப் பழுப்புப் போத்தல்கள் வாங்கி வந்திருந்தேன். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாமா அவற்றை ஊறவைத்து லேபிளை உரித்து, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார். போத்தலில் அடைக்குமுன் கொஞ்சம் சர்க்கரை சேர்க்க வேண்டும். மூடிய போத்தலுக்குள் ஈஸ்ட் அதைத் தின்றுதான் பியருக்கு நுரை வரும். மொத்தத்துக்குமாகச் சர்க்கரையைக் காய்ச்சித் தோங்கில் கலந்துவிடலாம், இல்லையென்றால் போத்தலுக்கு அரைக் கரண்டி போடலாம். அன்று நான் காய்ச்சிக் கலந்துவிட்டேன். முதல் போத்தலை எடுத்தபோது அறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

படுக்கை விரிப்பில் இரத்தம் பரவியிருந்தது.

பின் இருக்கையில் மனைவி அத்தையின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். முன் இருக்கை முழுக்க என் கருவிப் பெட்டிகள். மாமா கார்க் கதவைச் சாத்தினார். "நீங்க போங்க, நா மோட்டர்ல வாரேன்" என்று தன் மோட்டர் சைக்கிள் பக்கம் போனார். ஆஸ்பத்திரியில் அவளை நேரே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். முப்பத்து மூன்றாவது வாரம். கொஞ்ச நேரத்தில் மாமாவும் வந்தார், ஆனால் இரண்டு பேருக்கு மேல் மாடியில் விட மாட்டேன் என்றுவிட்டார்கள். கீழே நின்றவரை அத்தை போனில் கூப்பிட்டு, துணிமணி எடுத்துக்கொண்டு வரும்படி வீட்டுக்கு அனுப்பினார்.

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மனைவிக்கு இரத்தம் ஏற்றினார்கள். ஆபத்தில்லை என்று டாக்டர் வந்து சொன்னபோது பொழுது சாய்ந்திருந்தது. நான் கீழே இறங்கி வந்தேன். மாமா துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் மால்ட் வாசனை அடித்தது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மாமா. பொண்ணு."

தலையை ஆட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்.

"அந்த வேலைய முடிச்சிட்டேன் மாப்பிள்ள. தொறந்து கெடந்திச்சி, கெட்டுப்போயிருமேன்னு. முப்பது போத்தலும் அடைச்சி மூடி போட்டாச்சி. தாள்ல இருந்த மாதிரி போத்தலுக்கு அரைக் கரண்டி சக்கரை போட்டுட்டேன்."

சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருந்தது. இரட்டிப்பாகிவிட்டது. எனக்கு அது அந்த நிமிடமே புரிந்தது. ஆனால் அவர் கையைப் பார்த்தேன். மூடி அழுத்தியதில் உள்ளங்கையில் கொப்புளம் கட்டியிருந்தது. மகள் ஆஸ்பத்திரி மாடியில் இரத்தத்தில் கிடக்க, ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டி அந்தத் தாளைப் படித்திருக்கிறார். அந்த ஆளிடம் தப்பாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

"ரொம்ப நல்லது மாமா" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் குழந்தைக்கு மூச்சு சீராக இல்லை. அதற்கடுத்த நாள் மஞ்சள் காமாலை. ஐந்தாம் நாள் மனைவி வீட்டுக்கு வந்தாள், குழந்தை பெட்டியிலேயே இருந்தது. தினமும் பால் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். போத்தல்கள் சாமான் அறையில் ஒரு காகிதப் பெட்டிக்குள் இருந்தன. கொஞ்சம் நுரை அதிகமாக வரும், வேறென்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது சோம்பலும் இல்லை, மறதியும் இல்லை. பெரியவரிடம் குற்றம் சொல்லக்கூடாது என்ற பழக்கம்தான்.

பதினோராம் நாள் பகல். மனைவியோடும் அத்தையோடும் ஆஸ்பத்திரியில் இருந்தேன். போன் அடித்தது.

"மாப்பிள்ள, ஒன்னுமில்ல. போத்தல் ரெண்டு வெடிச்சிருச்சி. அவங்ககிட்ட சொல்லாதீங்க. கொஞ்சம் வர முடியுமா?"

ஓடினேன். மாமா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கெண்டைக்காலில் துண்டைச் சுற்றியிருந்தார், துண்டு சிவந்திருந்தது. முதல் சத்தம் கேட்டு என்னவென்று பார்க்கப் போயிருக்கிறார், அவர் கண்ணெதிரே இரண்டாவது வெடித்திருக்கிறது. கொஞ்சம் குனிந்திருந்தால் கண் போயிருக்கும்.

கிளினிக்கில் மூன்று தையல். திரும்பி வரும்போது காரை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டேன். ஓட்ட முடியவில்லை.

"மாமா, தப்பு என்னோடது. அன்னிக்கி நான் ஏற்கெனவே சக்கரை கலந்துட்டேன். நீங்க போட்டது ரெண்டாவது. நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"எப்படி மாமா சொல்றது?"

"வாயாலதான் சொல்லனும்."

கோபமாகச் சொல்கிறாரா என்று பயந்துகொண்டே பார்த்தேன். அவர் கட்டுப் போட்ட தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் ஸ்டீரிங்கின்மேல் இருந்த என் கையை இரண்டு முறை தட்டினார்.

"நானும் ஒங்கள கேட்டிருக்கனும் லா. ஐஸ் மாத்துறப்ப எல்லாம் கேக்கனும்னு நெனப்பேன். மாப்பிள்ள சங்கடப்படுவாருன்னு உட்டுடுவேன். ரெண்டு பேரும் சேந்து நல்லா மரியாத குடுத்தோம்."

மீதி இருபத்தெட்டையும் அன்றே திறந்துவிட வேண்டும், விட்டுவைத்தால் ஒவ்வொன்றாக வெடிக்கும். மாமா யோசித்து இரண்டு மோட்டர் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். தடித்த கையுறை போட்டு, மழைக்கோட்டு மாட்டி, போத்தலை ஈரத் துண்டில் சுற்றிக் கொல்லைப்புறச் சாக்கடை ஓரத்துக்குத் தூக்கிவந்தோம். ஒருவர் பிடிக்க ஒருவர் மூடியை நெம்பினோம். ஒவ்வொன்றும் சீறியது. நுரை கூரைத் தகரம் வரை அடித்தது. பூச்செடி, துணிக்கொடி, பக்கத்து வீட்டுப் பூனை, எதுவும் தப்பவில்லை. பன்னிரண்டாவதைத் திறந்துகொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. வாடகைக் கார் எடுத்து மனைவியும் அத்தையும் வந்துவிட்டார்கள்.

ஹெல்மெட் கண்ணாடியில் நுரை வழிய நாங்கள் இருவரும் நின்றோம். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது. அப்பா, ஹெல்மெட்ட கழட்டுங்க, என்னால முடியல..."

அத்தை எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு மாசமா ஐஸ் பெட்டியில மீன் வைக்க எடமில்ல. என்னத்துக்குன்னு நான் கேட்டேனா? கேக்கல. பாப்பா இன்னிக்கி முப்பது கிராம் ஏறியிருக்கு. சாக்கடைய நல்லா தண்ணி ஊத்திக் கழுவுங்க, எறும்பு வரும்."

உள்ளே போய்விட்டார். மாமா காலில் கட்டுப் போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தார். அதற்கு வேறு கச்சேரி நடந்தது.

சீறி முடித்த போத்தல்களில் அடியில் கொஞ்சம் கொஞ்சம் மீந்திருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜாடியில் வடித்தோம். மாமா இரண்டு கிளாஸ் கொண்டுவந்தார். யாரும் எங்கும் போகவில்லை. கொல்லைப்புறக் கட்டையில் உட்கார்ந்து குடித்தோம். கலங்கலாக, அளவுக்குமேல் பழ வாசத்தோடு இருந்தது. "வாழப்பழக் கஞ்சி" என்றார் மாமா. ஆனால் கிளாஸைக் காலி செய்தார்.

குழந்தை மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். நாங்கள் பாரிட் புந்தார் வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு எடுத்துக்கொண்டோம். அவளுக்கு நான்கு மாதம் ஆனபோது மாமா போனில் கேட்டார், "அடுத்தது எப்ப போடலாம்?" என்று. இந்த முறை சர்க்கரை விஷயத்தில் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டினோம். போட்டவர் கையெழுத்திட வேண்டும். பியர் சுமாராக வந்தது. குடித்ததைவிட அத்தை கோழிப் பிரட்டலில் ஊற்றியதுதான் அதிகம். இறைச்சி மெத்தென்று வருகிறதாம்.

அந்த இரண்டாவது தடவை போத்தல் கழுவிக்கொண்டிருந்த பகலில்தான் மாமா அதைச் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. பிரஷ்ஷை ஒரு போத்தலுக்குள் விட்டுத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரிக்கி முன்னால ஒரு பையன் எங்களுக்கு. தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன் மாமா. பொறந்து தங்கலன்னு."

"அன்னிக்கும் இப்படித்தான் ரத்தம். லயத்து வீட்டுல இருந்து ஆளு ஓடி வந்திச்சி. நா பால் ஸ்டோர்ல. பால் வந்து எறங்கிருச்சி, அளக்க வேற ஆளில்ல. முடிச்சிட்டுப் போன்னு கணக்குப் பாக்குற கிராணி சொன்னான். முடிச்சிட்டுப் போனேன். ஒங்க அத்த பொழச்சிட்டா." போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பாப்பா பொறந்த அன்னிக்கி, துணி எடுக்க வீட்டுக்கு வந்தேனா, அந்தத் தோங்கு தொறந்து கெடந்திச்சி. அத அப்படியே விட்டுட்டு ஒடனே போவோம்னுதான் நெனச்சேன். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போனா கீழ ஒக்காரனும். ஒக்காந்தா என்ன சேதி வருமோன்னு இருந்திச்சி. கை நிக்கல மாப்பிள்ள. ஒவ்வொரு போத்தலா மூடி போட்டேன். முப்பது முடியுறதுக்குள்ள ஒன்னும் ஆவாதுன்னு மனசுல ஒரு இது."

கழுவிய போத்தலை நான் அவர் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தேன். அவர் அடுத்ததை எடுத்தார். இன்னும் ஏழெட்டு பாக்கி இருந்தன. உள்ளே குழந்தை எழுந்து அழுதாள். மாமா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, "நா பாக்குறேன், நீங்க இத முடிங்க" என்று எழுந்து போனார். அவர் அவளிடம் என்னவோ பேசுவது ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. நான் மீதியைக் கழுவி முடித்தேன்.